நெல் உலர்த்தியும் பழைய பஸ்ஸும்: ஐஎஸ்ஏ அட்டையை ஏஆர்எம் பலகையில் ஓட்டின ஆட்கள் இருக்கிறீர்களா?

#1 பரந்தன்_சோல்டர்

எல்லாருக்கும் வணக்கம். பரந்தனில் சின்னப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, இன்வெர்ட்டர், தண்ணீர் மோட்டரின் ஸ்டார்ட்டர் பெட்டி என்று எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். இந்த முறை வந்திருப்பது ஓர் அரிசி ஆலையின் நெல் உலர்த்தியோடு இருந்த கணினி.

ஐப்பசி இடியில் மதர்போர்ட் போய்விட்டது. கீபோர்ட் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐசி வெடித்து, பலகையில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் கறுப்பு வட்டம். ஆனால் உள்ளே ஐஎஸ்ஏ பஸ்ஸில் (பழைய பிசிகளில் அட்டைகளையும் புரொசசரையும் இணைக்கிற கம்பித் தொகுதி) செருகியிருந்த அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓர் அடி நீளம் வரும். 16 வெப்ப உணரிகளின் அளவை வாங்கி 12 பிட் எண்ணாக மாற்றுகிற ஏடிசி அட்டை. டிப் சுவிட்சில் ஹெக்ஸ் (16ஐ அடியாகக் கொண்ட எண்) 300 என்று முகவரி வைத்திருக்கிறார்கள். ஓரத்துத் தொடுமுனைப் பற்களை அழிரப்பரால் தேய்த்துவிட்டு, வவுனியாவில் ஒரு சினேகிதனின் பழைய பென்டியத்தில் போட்டுப் பார்த்தேன். படிக்கிறது. அந்தப் பென்டியத்தை அவன் தரமாட்டான். தந்தாலும் கப்பாசிட்டர் எல்லாம் வீங்கிப்போய் நிற்கிறது.

என்னிடம் பிசி/104 பின்கள் (ஐஎஸ்ஏயின் அதே சமிக்ஞைகள், சின்ன வடிவில்) உள்ள ஏஆர்எம்9 பலகை ஒன்று இருக்கிறது. பிசியில் இருப்பது போலில்லை, வேறு வகைப் புரொசசர். 200 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி நினைவகம். பிசி/104இலிருந்து ஐஎஸ்ஏ ஸ்லொட்டுக்கு மாற்றுகிற பலகையும் எடுத்துவிட்டேன். அட்டையை இயக்குகிற பழைய டிரைவரின் சி மூலநிரல் ஆலைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடைத்தது. லினக்ஸ் 2.4க்கு எழுதினது, 300 வரி இருக்கும். பலகையில் ஓடுகிற கேர்னலுக்கு (லினக்ஸின் உட்கரு) தக்க மாற்றினேன். கம்பைல் ஆகிறது. ஏற்றின உடனே கேர்னல் ஊப்ஸ் என்ற பிழைச் செய்தி கொடுத்து விழுகிறது.

காலபோக அறுவடை தையில் தொடங்கிவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

#2 ஒட்டுசுட்டான்_ஓசை

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏ9இல் ஓடுகிற பழைய பஸ்ஸுக்கு ஆரோ ஏசி போடப் போகினமாக்கும் என்று ஓடி வந்தேன். பிழையான தரிப்பிடத்தில் இறங்கிவிட்டேன். சரி, இருந்து கேட்கிறேன்.

#3 முல்லை_கடற்காற்று

இந்தக் காலத்தில் ஐஎஸ்ஏயோடு ஏன் மாரடிக்கிறீர்கள்? ஒரு ஈஎஸ்பி32 மைக்ரோகொன்ட்ரோலர், உணரிக்கு ஒரு மலிவான சில்லு, ஆர்எஸ்485 வயர், முடிந்தது. ஐஎஸ்ஏ 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த பஸ். 1984இல் ஏடி கணினியில் 16 பிட் ஆக்கினார்கள். ஓட்டம் 8 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிட்டது. 1992இல் அடுத்த தலைமுறைப் பஸ்ஸான பிசிஐ வந்ததோடு அதன் சாவு தொடங்கியாயிற்று. குப்பையில் போடுங்கள்.

#4 பரந்தன்_சோல்டர்

அண்ணை, அதை யோசிக்காமல் இல்லை. உலர்த்தியின் சுவரில் இருக்கிற 16 உணரிக்கும் பெருக்கிப் பெட்டி ஒன்றுதான், அது இந்த அட்டைக்கு என்றே அளவு பிடித்து வைத்தது. எந்த உணரி எத்தனை பாகை கூடக் காட்டும் என்று ஓர் அட்டவணை டிரைவரோடு இருக்கிற நிரலில் இருக்கிறது. நெல்லை 14 சதவீத ஈரத்துக்குக் கொண்டு வரவேண்டும். சூடு கூடினால் குத்தும்போது அரிசி உடையும், குறைந்தால் மூட்டைக்குள் பூஞ்சணம். அந்த அட்டவணையைப் புதிதாகப் பிடிக்க ஒரு போகம் முழுக்க நெல் வேண்டும். யாருடைய நெல்லில் பரிசோதனை செய்வது?

#5 மாங்குளம்_கேர்னல்

தம்பி, முதலில் இரண்டு கேள்வி. உங்கட அட்டையில் பெருக்கிச் சில்லுக்கு ±12 வோல்ட் வேண்டுமா? பிசி/104 பலகைகள் பலதும் 5 வோல்ட்டை மட்டும்தான் தரும். அடுத்தது, டிரைவர் ஏறினவுடன் முதல் செய்கிற வேலை என்ன? அட்டையைத் தேடுகிறதா?

தேடுகிறது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லாம் ஹெக்ஸ் 200இலிருந்து தட்டிக்கொண்டே வரும். அங்கேதான் விழுகிறீர்கள்.

பிசிகளின் எக்ஸ்86 புரொசசரில் நினைவகத்துக்கு ஒரு முகவரி வெளி, போர்ட்டுகளுக்கு (அட்டைகளோடு பேசுகிற கதவுகள்) தனியாக இன்னொன்று. 65,536 போர்ட். இன், அவுட் என்று அதற்கெனத் தனிக் கட்டளைகள். அட்டை இல்லாத போர்ட்டைப் படித்தால் ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள், கம்பி மேலே இழுபட்டு ஹெக்ஸ் எஃப்எஃப் வரும். டிரைவர் அதைப் பார்த்து 'இங்கே ஆள் இல்லை' என்று அடுத்த கதவுக்குப் போகும். ஒன்றும் விழாது.

ஏஆர்எம்மில் போர்ட் என்ற ஒன்றே கிடையாது. இன்பி (போர்ட்டிலிருந்து ஒரு பைட் படி) என்று நீங்கள் எழுதியது ஏதோ ஒரு மெய்நிகர் முகவரியைப் படிக்கிற சாதாரணக் கட்டளையாகக் கம்பைல் ஆகும். அந்த முகவரிக்குப் பின்னால் ஒன்றையும் மேப் பண்ணவில்லை என்றால் பேஜ் ஃபோல்ட் (இல்லாத முகவரி என்ற பிழை), ஊப்ஸ். பவர்பிசி புரொசசர் உள்ள சில பெட்டிகளில் இதே தேடலுக்கு மெஷின் செக் என்ற வன்பொருள் பிழை வந்து கணினியே நின்றுவிடும்.

உங்கட பலகையில் ஐஎஸ்ஏ போர்ட் வெளியை நினைவக வரைபடத்தில் ஒரு ஜன்னலாகத் திறந்துவிட்டிருப்பார்கள். பெரும்பாலும் 8 பிட்டுக்கு ஒன்று, 16 பிட்டுக்கு இன்னொன்று. கையேட்டில் பார்த்து, 8 பிட் ஜன்னலை ஐஓரீமேப் செய்து (ஒரு மெய்நிகர் முகவரியில் கட்டி), ஐஓரீட்8, ஐஓரைட்8 என்று மாற்றுங்கள். தேடுகிற பகுதியை அடியோடு வெட்டிவிடுங்கள். முகவரி 300 என்று உங்களுக்கே தெரியும், பிறகு என்ன தேடல்?

ஒரு பக்கக் குறிப்பு: கொமெடி என்று லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே இப்படிப்பட்ட ஏடிசி அட்டைகளுக்கு ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது.  

#6 அறிவியல்நகர்_மாணவி

நான் கிளிநொச்சி பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். ஒரு சந்தேகம். அப்படியென்றால் ஒவ்வொரு டிரைவரிலும் 'எக்ஸ்86 என்றால் இது, ஏஆர்எம் என்றால் அது' என்று எழுதிக்கொண்டே போக வேண்டுமா? பத்து அட்டை, ஆறு புரொசசர் என்றால் அறுபது கிளை வருமே.

#7 வவுனியா_நெட்பிஎஸ்டி

பிள்ளை கேட்டது சரியான கேள்வி. அந்த அறுபதுக்கு அழுதுதான் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைச் செய்கிறவர்கள் பஸ் ஸ்பேஸ் என்ற அடுக்கைச் செய்தார்கள். டிரைவர் கையில் இருப்பது மூன்றே விசயம்: இது எந்த வகை வெளி என்று சொல்லும் ஒரு டாக், இந்த அட்டைக்குக் கிடைத்த துண்டைக் காட்டும் ஒரு ஹான்டில், அதிலிருந்து எத்தனையாவது பைட் என்கிற ஆஃப்செட். 'இந்த மூன்றையும் வைத்து ஒரு பைட் படி' என்று மட்டும் டிரைவர் சொல்லும். எக்ஸ்86இல் அது இன் கட்டளையாக மாறும், மிப்ஸில் ஓர் அடி முகவரியோடு கூட்டிப் படிக்கும். பவர்பிசியில் படித்துவிட்டு ஈஐஈஐஓ என்று ஒரு கட்டளையும் போடும். பெயர் சத்தியமாக அதுதான், நான் பகிடி விடவில்லை.

டிஎம்ஏவுக்கு (புரொசசர் சுமக்காமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போய்வருவது) இதே போல ஜேசன் தோர்ப் செய்தது பஸ் டிஎம்ஏ. 1998இல் வந்த நெட்பிஎஸ்டி 1.3இல் இரண்டும் இருந்தன.

இது ஏன் அவ்வளவு அவசரமாக வந்தது என்று விளங்க ஆல்ஃபா என்ற புரொசசரைப் பார்க்க வேண்டும். 1992இல் டெக் நிறுவனம் அதை விட்டபோது, ஒரு பைட்டைத் தனியாக நினைவகத்தில் படிக்கவோ எழுதவோ அதில் கட்டளை கிடையாது. 32 பிட் அல்லது 64 பிட், அவ்வளவுதான். ஐஎஸ்ஏ அட்டையிலோ பக்கத்துப் பக்கத்து பைட் எல்லாம் வேறு வேறு ரெஜிஸ்டர் (அட்டைக்குள் இருக்கிற குட்டி நினைவுக் கட்டம்). சிலது படித்தாலே துடைபட்டுவிடும். ஒன்றைத் தொடப் போய் நாலைத் தொட்டால் கதை முடிந்தது.

அதற்கு அவர்கள் செய்த வேலையை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முகவரியை 5 பிட் இடப்பக்கம் தள்ளு. அடியில் காலியாகிற பிட்களில் 'எனக்கு வேண்டியது ஒரு பைட்டா இரண்டா நாலா' என்று எழுது. புரொசசரையும் பஸ்ஸையும் இணைக்கிற பாலச் சில்லு அதைப் படித்துவிட்டு, பஸ்ஸில் சரியான அளவில் ஒரு சுற்றை ஓட்டும். ஒரு பைட் போர்ட்டுக்கு முகவரி வெளியில் 32 பைட் காணி! 1996இல் 21164ஏ என்ற ஆல்ஃபா வந்தபோதுதான் பைட் கட்டளைகள் கிடைத்தன. அதற்கு முந்திய ஆல்ஃபாக்களை லினக்ஸ் 2024இல் 6.10 பதிப்போடு கைவிட்டது.

இட்டேனியம்காரர் இதிலும் தாராளம். நாலு போர்ட்டுக்கு 4 கேபி பக்கம் ஒன்று. 65,536 போர்ட்டுக்கும் சேர்த்து 64 எம்பி. எங்கட பக்கம் காணிச் சண்டை பிடிக்கிறவர்களுக்கு அந்தப் புரொசசரைக் காட்ட வேண்டும்.

இதில் எதுவும் டிரைவர் எழுதுகிறவனுக்குத் தெரியத் தேவையில்லை. தெரிந்திருந்தால் அந்த அடுக்கைச் செய்தவர் வேலையை அரைகுறையாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

#8 பரந்தன்_சோல்டர்

மாங்குளம் அண்ணை சொன்னது சரி. ஹெக்ஸ் 200இலிருந்து தேடிக்கொண்டு வந்திருக்கிறது. வெட்டிவிட்டேன், இப்போது விழவில்லை. ±12ஐ ஒரு பழைய பவர் சப்ளையிலிருந்து எடுத்து மாற்றுப் பலகையில் நேரே ஒட்டினேன்.

ஆனால் அளவு பிழைக்கிறது. எல்லா உணரியும் மேசையில், அறை வெப்பம் 31 பாகை. ஐந்தாம் உணரியை மட்டும் எடுத்து, குடிக்க வைத்திருந்த பிளேன்ரீக்குள் விட்டேன். ஐந்து 66 காட்டுகிறது. ஆறாம் உணரி சும்மா மேசையில் கிடக்கிறது, அது 36 காட்டுகிறது. ஏழு சரியாக 31. தேநீரிலிருந்து ஐந்தை எடுத்து ஒன்பதை விட்டால், பத்தாம் உணரி கூடுகிறது. எப்போதும் அடுத்த வீட்டுக்காரன்தான் சூடாகிறான். தேநீர் ஆறிப்போனது, அது வேறு கதை.

#9 அறிவியல்நகர்_மாணவி

பைட் வரிசை மாறியிருக்குமோ? 12 பிட்டை இரண்டு பைட்டாகப் படிக்கும்போது மேல் பைட்டும் கீழ் பைட்டும் இடம் மாறினால்?

#10 வவுனியா_நெட்பிஎஸ்டி

நல்ல ஊகம், ஆனால் இங்கே இல்லை. பைட் மாறினால் 31 எங்கேயோ 200, 300 என்று பறக்கும், பக்கத்து உணரிக்கு ஐந்து பாகை மட்டும் ஏறாது. அவரது ஏஆர்எம் பலகை லிட்டில் எண்டியனில் (கீழ் பைட் முதலில்) ஓடுகிறது, ஐஎஸ்ஏவும் அப்படித்தான்.

பிக் எண்டியன் (மேல் பைட் முதலில்) பெட்டிகளில்தான் அந்தக் கூத்து. அங்கே ஒரு 16 பிட் ரெஜிஸ்டரைப் படித்தால் பைட்டை மாற்றித்தர வேண்டும். ஆனால் வட்டிலிருந்து 512 பைட் தரவை 16 பிட் 16 பிட்டாக அள்ளும்போது மாற்றக் கூடாது. ஏனென்றால் அது எண் இல்லை, வரிசையாக வருகிற பைட்டுகள். மாற்றினால் கோப்பில் எழுத்துகள் எல்லாம் சோடி சோடியாகப் புரண்டு கிடக்கும். அதே போர்ட், அதே அளவு, ஆனால் ஒரு தடவை மாற்ற வேண்டும், மறு தடவை மாற்றக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கிழமை செலவழித்தவன்.

#11 மாங்குளம்_கேர்னல்

தம்பி, டிரைவரில் உணரியைத் தெரிவு செய்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? அவுட்பி_பி என்று பின்னால் ஒரு 'பி' இருந்ததா? நீங்கள் ஐஓரைட்8 ஆக மாற்றும்போது அந்தப் 'பி' காணாமல் போயிருக்கும்.

#12 பரந்தன்_சோல்டர்

ஓம் அண்ணை! அதே வரி நாலு தடவை அடுத்தடுத்து இருந்தது, அதே போர்ட்டுக்கு அதே எண். எழுதினவர் கை தவறிப் பிரதி பண்ணிவிட்டார் என்று நினைத்து மூன்றை அழித்துவிட்டேன்.

#13 மாங்குளம்_கேர்னல்

கை தவறவில்லை. அவர் நேரம் கடத்தியிருக்கிறார்.

பிசியில் அந்தப் 'பி' செய்கிற வேலை: எழுதி முடித்தவுடன் ஹெக்ஸ் 80 போர்ட்டுக்கும் ஒரு தடவை சும்மா எழுதும். கணினி துவங்கும்போது பிழைக் குறியீடு காட்டுகிற போர்ட் அது, பிறகு யாருக்கும் தேவையில்லை. ஐஎஸ்ஏயில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோசெக்கன்ட் பிடிக்கும் என்பதால் அதை ஒரு மணிக்கூடாகப் பாவித்தார்கள். நாலு தடவை எழுதி, நாலு தடவை 80ஐத் தட்டினால் எட்டு மைக்ரோசெக்கன்ட் வரும். அந்த நேரத்தில் அட்டையின் தெரிவுச் சில்லு ஐந்திலிருந்து ஆறுக்குத் திரும்பி, பெருக்கியின் வோல்ட்டும் இறங்கி நிலைக்கு வரும். பிறகுதான் அளக்கச் சொல்ல வேண்டும்.

நீங்கள் மூன்றை அழித்து, 'பி'யையும் எடுத்துவிட்டீர்கள். ஐந்தின் வோல்ட் இறங்கி முடியும் முன்னே ஆறை அளக்கிறது. அந்தக் கூடுதல் 5 பாகை பிளேன்ரீயின் மிச்சம்தான். 'பி'யை அப்படியே விட்டிருந்தாலும் தப்பியிருக்கமாட்டீர்கள். எக்ஸ்86 அல்லாத பல இடங்களில் அவுட்பி_பி என்பது வெறும் அவுட்பிதான். 80ஆம் போர்ட்டே இல்லாத பெட்டியில் எதைத் தட்டுவது?

இனி யூடிலே(20), அதாவது 20 மைக்ரோசெக்கன்ட் காத்திரு, என்று நேராகவே எழுதுங்கள். ஆனால் ஒன்று: பிசியில் அவுட் கட்டளை, எழுத்து அட்டைக்குப் போய்ச் சேரும்வரை புரொசசரை நிற்க வைக்கும். ஏஆர்எம்மில் எழுத்து இடையில் ஒரு பஃபரில் காத்திருக்க, புரொசசர் தன்பாட்டில் அடுத்த வரிக்குப் போகலாம். அப்போது யூடிலே எண்ணத் தொடங்கும் நேரத்தில் எழுத்து இன்னும் வழியில் நிற்கும். அதனால் எழுதுங்கள், அதே அட்டையின் நிலை ரெஜிஸ்டரை ஒரு தடவை படியுங்கள், பிறகு யூடிலே. முன்னே போன எழுத்துப் போய்ச் சேராமல் அந்தப் படிப்புக்குப் பதில் வராது.

டிரைவரில் எழுதியிருப்பதை மாற்றுவது சுகம். அதில் எழுதாமல் விட்டதுதான் ஆளைக் கொல்லும். பிசி இலவசமாகக் கொடுத்த காத்திருப்பு, ஒழுங்கு, ஆளில்லாத போர்ட்டுக்கு எஃப்எஃப், இதெல்லாம் எந்த வரியிலும் இருக்காது.

#14 பரந்தன்_சோல்டர்

ஐந்து 68, ஆறு 31. புதுப் பிளேன்ரீ. இந்தத் தடவை குடித்தும் விட்டேன்.

#15 நெடுங்கேணி_வாசகன்

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கட கோயில் கணக்கும் உபயகாரர் பட்டியலும் 3.5 அங்குல ஃப்ளொப்பியில் இருக்கிறது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பொலித்தீன் பையில் சுற்றி, மா ரின்னுக்குள் வைத்துக் கொண்டுபோனது. என்னிடமும் இதே மாதிரி ஓர் ஏஆர்எம் பலகை இருக்கிறது. ஃப்ளொப்பி அட்டையை அதில் குத்தலாமா?

#16 வவுனியா_நெட்பிஎஸ்டி

தம்பி, அதைச் செய்ய வேண்டாம். யூஎஸ்பி ஃப்ளொப்பி டிரைவ் ஒன்று வாங்குங்கள், 1.44 எம்பி வட்டு என்றால் போதும். முதலில் வட்டை முழுசாக ஒரு கோப்பாகப் பிரதி எடுங்கள், பிறகு திறவுங்கள்.

ஏன் என்றால் ஃப்ளொப்பி வேலை செய்வது ஐஎஸ்ஏ டிஎம்ஏயில், சானல் எண் 2. அதற்கு 8237 என்ற சில்லு மதர்போர்டில் இருக்க வேண்டும். ஏஆர்எம் பலகையில் பிசி/104 பின் இருந்தாலும் அந்தச் சில்லு பெரும்பாலும் இராது. பிசியிலேயே அதற்கு ஆயிரம் நிபந்தனை: 24 பிட் முகவரி, அதனால் நினைவகத்தின் முதல் 16 எம்பிக்கு அப்பால் கை எட்டாது. 8 பிட் சானல் என்றால் 64 கேபி எல்லையைத் தாண்டவும் கூடாது.

லொறி போகாத ஒழுங்கையில் என்ன செய்வோம்? தெரு முனையில் இறக்கி, லான்ட்மாஸ்டரில் மாற்றி ஏற்றுவோம். பவுன்ஸ் பஃபர் என்பது அதுதான். கீழே 16 எம்பிக்குள் ஒரு துண்டில் தரவை இறக்கி, பிறகு புரொசசர் அதை உரிய இடத்துக்குச் சுமக்கும். டிரைவருக்கு இது தெரியாதபடி மறைக்கிற வேலையைத்தான் மேலே சொன்ன பஸ் டிஎம்ஏ செய்கிறது.

#17 முல்லை_கடற்காற்று

சரி, குப்பை என்று சொன்னதைக் கொஞ்சம் திரும்ப எடுக்கிறேன். ஆனாலும் இன்டரப்ட் (அட்டை புரொசசரைக் கூப்பிடுகிற சமிக்ஞை) பக்கம் ஐஎஸ்ஏ மோசம் என்பதை ஒருவரும் மறுக்கேலாது. சமிக்ஞை ஏறுகிற அந்த விளிம்பை மட்டும் பார்க்கும். இரண்டு அட்டை ஒரே கம்பியில் நிற்க முடியாது, ஒன்று கூப்பிட்டது மற்றதற்குள் அமுங்கிவிடும். பிசிஐயில் வேலை முடியும்வரை கையைத் தூக்கியே வைத்திருக்கும், அதனால் பங்கு போடலாம்.

#18 மாங்குளம்_கேர்னல்

அதில் மறுப்பே இல்லை. நல்ல வேளை, இந்த அட்டை இன்டரப்ட்டைத் தொடவில்லை, அளந்து முடிந்ததா என்று டிரைவரே கேட்டுக்கொண்டு நிற்கிறது.

சாவு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1998இல் இன்டெல் எல்பிசி என்று ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்தது. தரவுக் கம்பி நாலு, ஓட்டம் 33 மெகாஹெர்ட்ஸ், ஆனால் மென்பொருள் பார்வையில் அதே ஐஎஸ்ஏ. 2018இல் லினக்ஸ் 4.17இல் ஹைசிலிக்கன் நிறுவனத்தின் 64 பிட் ஏஆர்எம் சேர்வர்களுக்காக ஒரு துண்டைச் சேர்த்தார்கள். அந்தச் சேர்வர்களில் எல்பிசி போர்ட்டுகளை நினைவக ஜன்னல் வழியாகக்கூடத் தொட ஏலாது. அதனால் இன்பி என்று அழைத்தால் இடையில் ஒரு செயற்கூறு பிடித்து, அந்தக் கட்டுப்படுத்தியிடம் போய்க் கேட்டுவிட்டு வரும். செத்ததற்கு யாராவது இவ்வளவு செலவழிப்பார்களா?

#19 பரந்தன்_சோல்டர்

நேற்றிரவு ஆலையில் வைத்து ஓட்டினோம். போன சிறுபோகத்து நெல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலு மணித்தியாலம், 16 உணரியும் ஒழுங்கு. முதலாளி திரையைப் பார்க்கவே இல்லை, கையில் நாலு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு 'சரி' என்றார்.

இப்போது புதுப் பிரச்சினை. ஊதுவிசிறியை நிறுத்தித் தொடங்க 8 ரிலே உள்ள இன்னோர் ஐஎஸ்ஏ அட்டை போட்டேன், இது கொஞ்சம் புதிசு. 300 ஏற்கெனவே போய்விட்டதால் தூரத்தில் ஹெக்ஸ் 700இல் வைத்தேன். ரிலேக்கு எழுதும்போதெல்லாம் ஏடிசி தன்பாட்டில் அளக்கத் தொடங்குகிறது. இதுவும் ஏஆர்எம்மின் வேலையா?

#20 வவுனியா_நெட்பிஎஸ்டி

இல்லை தம்பி, இது 1981இன் வேலை. பழைய அட்டைகள் முகவரியில் 10 பிட்டை மட்டும்தான் பார்க்கும். 700இன் கீழ் 10 பிட்டை எடுத்துப் பாருங்கள், 300. பி00, எஃப்00 எல்லாமே அதற்கு 300தான். இதற்குப் பயந்து பிசியில் லினக்ஸ் இன்றைக்கும் பிசிஐ அட்டைகளுக்குப் போர்ட் கொடுக்கும்போது ஒவ்வொரு 1,024இலும் முதல் 256ஐ மட்டும் கொடுக்கும். 340இல் வையுங்கள்.

#21 பரந்தன்_சோல்டர்

340இல் வைத்தாயிற்று. ரிலே மட்டும் டிக் என்கிறது, ஏடிசி பேசாமல் இருக்கிறது. மாங்குளம் அண்ணை, தையில் இந்தப் பக்கம் வந்தால் கடைக்கு வாங்கோ, பிளேன்ரீ இருக்கிறது.